உழைத்த தொப்பியின் மதிப்பு

தமிழ் வாசகருக்குப் பவுலர் தொப்பி சாப்ளின் வழியாகத்தான் அறிமுகம். 1914 பிப்ரவரியில் வெளிவந்த ‘கிட் ஆட்டோ ரேசஸ் அட் வெனிஸ்’ என்ற குறும்படத்தில், தொளதொளத்த காற்சட்டை, இறுக்கிப் பிடித்த கோட்டு, கைத்தடி ஆகியவற்றோடு அந்தச் சின்னக் கறுப்புத் தொப்பியும் மக்கள் முன் வந்தது. 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் கமல்ஹாசன் ஏற்ற சாப்ளின் செல்லப்பா வேடம் வரை அதன் சாயல் நம் திரையிலும் தொடர்ந்திருக்கிறது. சாப்ளின் ஏற்ற அந்த நாடோடியின் தலையில் இருப்பது புதுத் தொப்பி அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். யாரோ வாங்கிப் பல காலம் போட்டுக் கழித்து, கைமாறி இவனிடம் வந்து சேர்ந்தது போல, தலைக்குச் சரியாகப் பொருந்தாமல் அது உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பழக்கம் கண்ணுக்குத் தெரிவதால்தான் வேடம் பொருள்படுகிறது. பழைய பவுலர் தொப்பிகளைச் சேகரிப்போரின் சந்தை இதை ஏற்பதில்லை. லண்டனின் பெயர்பெற்ற கடையொன்றின் முத்திரை, பெட்டியை விட்டு எடுக்காதது போன்ற புதுமை, புகழ்பெற்ற ஒருவர் அணிந்தார் என்ற பேச்சு ஆகிய மூன்றும் அங்கே விலையை ஏற்றுகின்றன. வியர்வைக் கறை, நெளிந்த விளிம்பு, பெயர் தெரியாத தொழிற்சாலை என்றால் விலை இறங்குகிறது. இந்த வரிசை தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம். பவுலர் தொப்பி வேலைக்கென்று பிறந்தது, வேலையிடங்களில் வளர்ந்தது. அதைப் புரிந்துகொள்ளவும் சேகரிக்கவும் விரும்புகிறவருக்கு முதன்மையான சான்று, உழைத்துத் தேய்ந்த தொப்பிதான்.

பிறப்பிலிருந்து தொடங்கலாம். 1849இல் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் இருந்த ‘லாக் அண்ட் கோ’ கடைக்கு ஒரு வாடிக்கையாளர் புதுவிதமான தொப்பியொன்றைச் செய்துதரக் கேட்டு வந்தார். 1676இல் தொடங்கிய அந்தக் கடை இன்றும் அதே தெருவில் இருக்கிறது. நார்ஃபோக் பகுதியின் ஹோல்கம் பண்ணையில் வேட்டைப் பறவைகளைக் காக்கும் காவலர்களுக்காக அவர் கேட்டார். அக்காவலர்கள் உயரமான பட்டுத்தொப்பி அணிந்து குதிரையில் போகும்போது தாழ்ந்த கிளைகள் அதைத் தட்டிவிட்டன. தலையை ஒட்டி உட்காரும், உயரம் குறைந்த, அடி தாங்கும் தொப்பி வேண்டியிருந்தது. லாக் கடைக்காரர்கள் அந்த வேலையைத் தொப்பி செய்துகொடுக்கும் தாமஸ் பவுலர், வில்லியம் பவுலர் இருவரிடம் ஒப்படைத்தார்கள். வாடிக்கையாளர் வில்லியம் கோக் என்றுதான் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். லெஸ்டர் பிரபுவின் தம்பி எட்வர்ட் கோக் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. அவர் 1849 டிசம்பர் 17 அன்று கடைக்கு வந்து, தொப்பியைத் தரையில் வைத்து இருமுறை ஓங்கி மிதித்துப் பார்த்ததாகவும், அது நசுங்காததால் 12 ஷில்லிங் கொடுத்து வாங்கிச் சென்றதாகவும் கதை. மிதித்த விவரம் பிற்காலத்தில் மெருகேறியிருக்கலாம். ஆனாலும் அந்தக் கதை எதைப் போற்றுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். தொப்பியின் அழகையோ அணிபவரின் தகுதியையோ அது பேசவில்லை. தாங்குமா என்று மட்டுமே கேட்கிறது. பிரபு குடும்பத்தார் ஒருவர் பணம் கொடுத்தார் என்பதற்காக இது பிரபுக்களின் தொப்பி ஆகிவிடாது. கூலிக்குக் காவல் காத்தவர்களின் பாதுகாப்புக் கருவியாகத்தான் இது கடையை விட்டு வெளியேறியது.

தாங்கும் வலிமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கதை நார்ஃபோக்கிலிருந்து நம் பக்கம் திரும்புகிறது. பவுலர் தொப்பியின் உடல் ஃபெல்ட். பெரும்பாலும் முயல் ரோமம், மலிவான வகைகளில் ஆட்டுரோமம். ரோமம் எவ்வளவு அடர்ந்து பின்னிக்கொண்டாலும் மென்மையாகத்தான் இருக்கும். அதை ஓடு போல இறுக வைத்தது அரக்கு. புரசு, பூவம், இலந்தை மரங்களின் கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் அந்தப் பிசின், சோட்டா நாகபுரியின் காடுகளிலும் வங்காளத்திலும் மத்திய இந்தியாவிலும் எடுக்கப்பட்டது. முண்டா, ஒராவோன், சந்தால் மக்கள் உள்ளிட்டோர் கிளைகளை வெட்டிச் சுரண்டிச் சேர்த்த அரக்கு, மிர்சாபூர் போன்ற ஊர்களின் பட்டறைகளில் கழுவி உருக்கித் தகடாக்கப்பட்டு, கல்கத்தா வழியாகக் கப்பலேறியது. நம் தச்சர்கள் மரச்சாமான்களுக்கு மெருகேற்றிய பொருளும் இதுதான். கே.பி. சுந்தராம்பாள் பாடிய அந்தக் கால இசைத்தட்டுகளும் இந்த அரக்கைக் கொண்டே வார்க்கப்பட்டவை. 1924இல் ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற இடத்தில் அரக்குக்கென்று தனி ஆராய்ச்சி நிலையமே தொடங்கப்பட்டது என்றால் அந்த வணிகத்தின் அளவை ஊகிக்கலாம். ஆங்கிலேயத் தன்மையின் உச்சம் என்று கொண்டாடப்படும் தொப்பியின் எலும்பு, இந்தியப் பழங்குடி மக்களின் உழைப்பால் ஆனது. சேகரிப்பாளர்களின் கையேடுகள் கடையின் பெயரை ஆராய்வதில் காட்டும் அக்கறையில் நூற்றில் ஒரு பங்கைக்கூட இதில் காட்டுவதில்லை என்பது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

அரக்கு ஏறுவதற்கு முன்னும் பின்னும் தொப்பி பல கைகளைக் கடந்தது. முயல்தோலின் ரோமம் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதற்காக, பாதரசத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்த நீரை அதன்மேல் பூசினார்கள். நுனிகள் காரட் நிறத்துக்கு மாறும். அதனால் அந்த வேலைக்கே காரட்டின் பெயர்தான். பிறகு ரோமத்தைத் துளைகளுள்ள சுழலும் கூம்பின்மேல் படியவைத்து, வெந்நீரில் நனைத்து உருட்டி உருட்டிச் சுருக்கினார்கள். தொப்பியைவிடப் பல மடங்கு பெரிதான கூம்பு சுருங்கச் சுருங்கக் கெட்டிப்பட்டது. அரக்குக் கரைசலில் தோய்த்தபின் சூடேற்றி, மர அச்சின்மேல் இழுத்து வடிவம் கொடுத்து, உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றினார்கள். கடைசியாக விளிம்பின் இருபுறத்தையும் சூட்டில் மடித்துச் சுருட்டுவது தனித் தேர்ச்சி வேண்டிய கைவேலை. மான்செஸ்டரை அடுத்த ஸ்டாக்போர்ட், டென்டன் போன்ற ஊர்களில் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்தார்கள். விலையும் அவர்களே கொடுத்தார்கள். நீராவிச் சூட்டில் எழுந்த பாதரச ஆவி நரம்புகளைத் தாக்கியது. கை நடுக்கம், ஈறு வீக்கம், கூச்சம், எரிச்சல் எனத் தொப்பித் தொழிலாளரின் நோய் வளர்ந்தது. 1860இலேயே அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஜே. அடிசன் ஃப்ரீமன் என்ற மருத்துவர் இதை விவரித்து எழுதிவிட்டார். அங்கே பாதரசம் கைவிடப்பட்டதோ 1941இல். அரக்கிலும் ஆபத்து இருந்தது. கெட்டித் தொப்பிகளுக்கு அரக்கைச் சாராயத்தில் கரைத்துத்தான் ஊட்டினார்கள். 1901 ஜனவரியில் டென்டன் தொழிற்சாலை ஒன்றில் சாராய ஆவி வெடித்துப் பத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டார்கள். இவ்வளவும் ஒரு தொப்பிக்குள் இருக்கிறது. கடை முத்திரை இதில் கடைசிப் படி மட்டுமே. லாக் கடைக்கே தொப்பியைச் செய்துகொடுத்தவர்கள் வேறு ஆட்கள் என்பதை 1849ஆம் ஆண்டுக் கதையே சொல்லிவிடுகிறது.

செய்தவர்கள் உழைப்பாளிகளாக இருக்கலாம், அணிந்தவர்கள் யார் என்று எதிர்க்கேள்வி வரும். பவுலர் தொப்பி என்றவுடன் மனக்கண்ணில் வருவது கோடுபோட்ட காற்சட்டையும் சுருட்டிய குடையுமாக லண்டன் நிதிப்பேட்டைக்கு நடந்து போகும் கனவான். அந்தக் கனவான் உண்மையில் இருந்தவர்தான். ஆனால் அவர் வரிசையில் பின்னால் வந்தவர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தத் தொப்பி பரவிய விதத்தைப் பழைய புகைப்படங்களில் பார்த்தால், குதிரைவண்டி ஓட்டுபவர், மீன் விற்பவர், இறைச்சிக்கடைக்காரர், பந்தயத் திடலில் பணம் வாங்குபவர், குமாஸ்தா எனத் தெருவில் நின்று பிழைத்தவர்களின் தலைகளே நிறைந்திருக்கின்றன. கிளைட் ஆற்றங்கரையிலும் பெல்ஃபாஸ்ட்டிலும் கப்பல் கட்டும் தளங்களில் மேஸ்திரிகளின் அடையாளம் இதுவே. தொழிலாளிகளின் துணித்தொப்பிகளுக்கு நடுவே அந்தக் கெட்டித் தொப்பி தூரத்திலிருந்தே தெரியும். மேலிருந்து விழும் ரிவெட்டிலிருந்து தலையைக் காத்தது என்றும் சொல்வார்கள். பெருமையும் பாதுகாப்பும் அங்கே ஒன்றுசேர்ந்திருந்தன. அமெரிக்காவில் இதை டெர்பி என்றார்கள். கௌபாய் தொப்பிதான் மேற்குப் பகுதியின் சின்னம் என்று நம் காலத்துத் திரைப்படங்கள் பழக்கியிருக்க, 1957இல் லூசியஸ் பீபி என்ற எழுத்தாளர் மேற்கை வென்றது டெர்பியே என்று வாதிட்டார். அவர் சொன்னதில் மிகை இருக்கலாம். ஆனால் 1900இல் டெக்சஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் ஜான் ஸ்வார்ட்ஸ் எடுத்த புகைப்படத்தைப் பாருங்கள். ரயில் கொள்ளைக்காரர் புட்ச் காசிடியும் கூட்டாளிகள் நால்வரும் மிடுக்காக அமர்ந்தும் நின்றும் இருக்கிறார்கள். ஐவர் தலையிலும் டெர்பி.

இவ்வளவு பேருக்கும் ஒரே தொப்பி எப்படிப் பொருந்தியது என்பது ஆழ்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி. உயர்ந்த பட்டுத்தொப்பி மேல்தட்டுக்கும் துணித்தொப்பி கூலிக்காரர்களுக்கும் உரியவையாக இருந்த சமூகத்தில், இரண்டுக்கும் நடுவே யாருக்கும் பட்டயம் எழுதித் தராத ஓர் இடம் காலியாக இருந்தது. பவுலர் அதை நிரப்பியது. மேலே ஏறிக்கொண்டிருந்தவரும், ஏற விரும்பியவரும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏறியவர்போலத் தோன்ற விரும்பியவரும் அதை வாங்க முடிந்தது. பவுலர் தொப்பியின் வரலாற்றை 1993இல் தனி நூலாக எழுதிய ஃப்ரெட் மில்லர் ராபின்சன், இதை நவீன வாழ்க்கையின் குறியீடாகவே வாசிக்கிறார். எனக்கு அதில் பெரிய மறுப்பில்லை. ஒன்றைச் சேர்த்துக்கொள்வேன்: குறியீடு ஆவதற்கு முன்னால் அது பயன்பாட்டால் பழகியிருக்க வேண்டும். 1953இல் பாரிஸில் மேடையேறிய பெக்கெட்டின் ‘கோடோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகத்தில் முதன்மைப் பாத்திரங்கள் நால்வரும் பவுலர் அணிகிறார்கள். அதே ஆண்டில் ரெனே மக்ரித் வரைந்த, நம் ஹைதராபாதுக்கு அருகிலுள்ள கோல்கொண்டாவின் பெயரைத் தாங்கிய ஓவியத்தில், பவுலர் அணிந்த மனிதர்கள் வானத்தில் நிரம்பி நிற்கிறார்கள். தெருவில் எவர் தலையிலும் இருக்கக்கூடிய தொப்பி என்பதால்தான் அது எவராகவும் ஆகக்கூடிய மனிதனைக் காட்ட உதவியது. ஒரு வகுப்புக்கு மட்டும் உரியதாக இருந்திருந்தால் அந்த நாடகத்துக்கும் ஓவியத்துக்கும் அது பயன்பட்டிருக்காது.

சந்தையில் உயர்ந்த விலைக்குப் போகும் புதுமாறாத தொப்பிகளில் பல, பவுலர் அன்றாட உடையிலிருந்து விலகிக்கொண்டிருந்த காலத்தவை. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு, குறிப்பாக 1960களில், ஆண்கள் தொப்பி அணிவதே குறைந்தது. அதன்பின் சடங்குகளில்தான் அது மிஞ்சியது. ஆண்டுதோறும் மே மாதத்தில் லண்டன் ஹைடு பூங்காவில் நடக்கும் குதிரைப்படையினர் நினைவு அணிவகுப்பில் அதிகாரிகள் சீருடை விட்டு பவுலரும் குடையுமாக நடக்கிறார்கள். வட அயர்லாந்தின் ஆரஞ்சு அமைப்பினர் ஊர்வலங்களில் அது கூர்மையான அரசியல் அடையாளமாக இருக்கிறது. நைஜீரியாவின் நைஜர் கழிமுகப் பகுதியில் கைத்தடியோடு சேர்ந்து விழாக்கால மரியாதை உடையாகியிருக்கிறது. சடங்குக்கென்று வாங்கிய தொப்பி பெட்டியில் பத்திரமாக இருக்கும். தினமும் போட்டது தேய்ந்து, பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருளாகி, குப்பைக்குப் போகும். ஆகவே பிழைத்திருப்பவற்றை மட்டும் எண்ணிப் பார்க்கிறவருக்குக் கனவான்களின் எண்ணிக்கை பெரிதாகத் தெரிவதில் வியப்பில்லை. அரிது என்பது விலைக்கு ஒரு காரணம் என்றால், 1880களின் வண்டிக்காரர் அணிந்த ஆட்டுரோமத் தொப்பிதான் அரிது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தேய்ந்த தொப்பியை வைத்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? அணிந்தவர் பெயர் இல்லை, ஆண்டு இல்லை. அனுதாபம் வரும், அறிவு வராது என்பார்கள். பொருளை வாசிக்கத் தெரியாதவருக்குத்தான் அது ஊமை. உட்புறத்தைச் சுற்றியிருக்கும் தோல்பட்டையைப் புரட்டினால் பல செய்திகள் கிடைக்கும். முதலில் அளவுச்சீட்டு. பிரிட்டனில் 7 என்று குறிக்கும் அளவை அமெரிக்காவில் 7⅛ என்று குறிப்பார்கள். ஆகவே தலைச்சுற்றை நாடாவால் அளந்து சீட்டோடு ஒப்பிட்டாலே எந்தச் சந்தைக்காகச் செய்தது என்பது புலப்படும். அடுத்து உள்ளின் வடிவம். கெட்டித் தொப்பி துணி போல வளைந்து கொடுக்காது. வாங்குபவரின் மண்டை நீண்டதோ ஒருபுறம் புடைத்ததோ, அதற்கேற்பச் சூடேற்றி உட்சுற்றை மாற்றித் தர வேண்டும். அதற்காகப் பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கிய கன்ஃபர்மேட்டர் என்ற கருவி, தலையைச் சுற்றிப் பொருந்தி அதன் வடிவத்தைச் சிறிதாக்கி ஓர் அட்டையில் குத்திக் கொடுக்கும். வசதியுள்ளவர்களின் அட்டைகள் கடைகளில் இன்றும் இருக்கின்றன. மலிவுத் தொப்பி வாங்கியவருக்கு அட்டை இல்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் உடல்சூடும் வியர்வையும் பட்ட உட்பட்டை அவர் தலையின் வடிவத்தைத் தானே ஏற்றுக்கொண்டது. எழுத்தறியாத ஒருவர் விட்டுச்சென்ற ஒரே தனிப்பட்ட பதிவு அதுவாகவே இருக்கலாம்.

அமெரிக்க டெர்பிகளில் இன்னும் பேசக்கூடிய சான்று ஒன்று உண்டு: தோல்பட்டையின் பின்னால் தைத்திருக்கும், நான்கு ஓரமும் தபால்தலை போலத் துளையிட்ட சிறு காகிதம். அது 1896இல் உருவான ‘யுனைடெட் ஹேட்டர்ஸ்’ தொழிற்சங்கத்தின் சீட்டு. சங்க உறுப்பினர்கள் முறையான கூலிக்குச் செய்த தொப்பி இது என்பதற்கு அத்தாட்சி. வாங்குமுன் பட்டையைப் புரட்டிச் சீட்டைத் தேடும்படி சங்கம் பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. தொப்பித் தொழிலின் தலைநகரான கனெக்டிகட்டின் டேன்பரியில் லோவி என்ற முதலாளி சங்கத்தை ஏற்க மறுத்தார். 1902இல் வேலைநிறுத்தமும் நாடு தழுவிய புறக்கணிப்பும் தொடங்கின. அவர் வழக்குத் தொடுத்தார். 1908இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தனியுரிமைக் கூட்டுகளை ஒடுக்க இயற்றிய ஷெர்மன் சட்டம் தொழிலாளரின் புறக்கணிப்புக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. நட்டத்தின் மூன்று மடங்காக இரண்டரை லட்சம் டாலரை ஒட்டிய தொகை 1915இல் உறுதியானபோது, சங்கத்தின் சாதாரண உறுப்பினர்களின் வீடுகளும் சேமிப்புகளும் ஆபத்துக்குள்ளாயின. நாடெங்கும் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து பணம் திரட்டிக் கொடுத்தார்கள். அமெரிக்கத் தொழிலாளர் வரலாற்றின் பெரிய வழக்குகளில் ஒன்று ஒரு டெர்பியின் மடிப்புக்குள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சீட்டுள்ள பழைய தொப்பி ஏலத்துக்கு வரும்போது அதை விற்பவர்களில் பலர் சீட்டைக் குறிப்பிடுவதுகூட இல்லை. கடையின் பொன்னெழுத்தைப் படமெடுத்துப் போடுகிறார்கள், சீட்டைப் படமெடுப்பதில்லை.

புதுமாறாத தொப்பிக்காக வாதாடுவோர் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. மூல நிறம், ரிப்பனின் நெசவு, விளிம்புச் சுருளின் சரியான கோணம், ரோமத்தின் மெருகு ஆகியவற்றை அறிய அணியாத தொப்பி வேண்டும். இரும்பும் லாக்வுட் மரச்சாயமும் சேர்ந்த கறுப்பு, வெயில்பட்டுப் பழுப்பேறிவிடும். தேய்ந்த தொப்பியை மட்டும் பார்த்தவர் அது பழுப்பாகவே விற்றது என்று தவறாக எண்ணக்கூடும். எனவே நல்ல தொகுப்பில் அப்படிப்பட்ட ஒன்றிரண்டு இருக்கட்டும். அவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அளவுகோல்கள். அளவுகோலையே சேகரித்துக்கொண்டு, அளக்க வேண்டியதைத் தள்ளிவிடும் வழக்கத்தைத்தான் மறுக்கிறேன். புகழ்பெற்றவர் அணிந்தது என்ற பேச்சை நான் அதற்கும் கீழே வைப்பேன். சாப்ளினின் தொப்பி என்று ஏலத்துக்கு வந்தவை ஒன்றுக்கு மேற்பட்டவை. நீண்ட திரைவாழ்வில் அவருக்குப் பல தொப்பிகள் இருந்திருக்கும் என்பதால் அதில் வியக்க ஒன்றுமில்லை. ஆனால் அங்கே வாங்குபவர் பணம் கொடுப்பது தொப்பியோடு வரும் கடிதத்துக்கு. கடிதம் பொய்த்தால் தொப்பியின் மதிப்பு மறைகிறது. உழைத்த தொப்பியின் சான்று அதன் உடம்பிலேயே இருக்கிறது. கடிதம் தொலைந்தாலும் போகாது.

இந்தப் பார்வையை ஏற்றால் பழுதுபார்க்கும் முறையும் மாற வேண்டும். அரக்கு சூட்டில் இளகும் என்பதால் கெண்டியின் நீராவியைக் காட்டி நசுங்கலை எடுத்துவிடுவது சேகரிப்பாளர்களுக்குக் கைவந்த வித்தை. உட்பட்டையைப் பிரித்துப் புதிதாகத் தைப்பதும், ரிப்பனை மாற்றுவதும், கறுப்பு மெருகு பூசுவதும் வழக்கம். ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தைக் கிழித்தெறிவதற்குச் சமம். பழைய அரக்கு காலத்தால் நொறுங்கும் தன்மை பெற்றுவிடுகிறது. தவறாகச் சூடேற்றினால் விரிசல் விடும். நம் ஊர்க் கோடையில் வெயிலில் நிறுத்திய காரினுள் விட்டுவைத்தாலே வடிவம் குலையலாம். உடலுக்கும் கேடு உண்டு. அருங்காட்சியகங்களில் உள்ள பழைய ஃபெல்ட் தொப்பிகளைச் சோதித்ததில் பாதரசம் இன்றும் அவற்றில் தங்கியிருப்பது தெரியவந்திருக்கிறது. அத்தகைய தொப்பியை நீராவியில் காட்டுவதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் அன்றைய தொழிலாளியின் நோயை மீண்டும் வரவேற்பதாகும். கையுறை அணிந்து எடுப்பது, மூடிய பையில் வைப்பது, தலையில் போட்டுப் பார்க்காமலிருப்பது ஆகியவை பொருளையும் சேகரிப்பவரையும் ஒருசேரக் காக்கும். தளர்ந்த தையலை மேலும் பிரியாமல் பிடித்துவைக்கலாம். பூச்சி அரிப்பைத் தடுக்கலாம். அதற்கு மேல் கை வைப்பது தேவையில்லை.

என் வாதத்துக்கு ஓர் எல்லையும் இருக்கிறது. பொலிவியாவில் அது தெரியும். அங்கே லா பாஸ் நகரத்தின் அய்மாரா, கெச்சுவா பெண்கள் பவுலரைத் தங்கள் உடையாக ஆக்கிக்கொண்டு நூறாண்டை நெருங்குகிறது. ரயில்பாதை போட வந்த ஐரோப்பியர்களுக்காக இறக்கிய தொப்பிகள் அளவில் சிறிதாகிவிட, வணிகர்கள் அவற்றை உள்ளூர்ப் பெண்களிடம் நாகரிகம் என்று சொல்லி விற்றார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. பெண்களை ஏமாந்தவர்களாகக் காட்டும் அந்தக் கதையை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை. வணிகர் ஒருமுறை தள்ளிவிடலாம். தலைமுறைகளாகத் தொடர்ந்து வாங்குவதும், உச்சியில் நிமிர்த்தி வைத்து அணியும் தனிப் பாணியை வகுப்பதும், இத்தாலியின் போர்சலினோ ஆலை அவர்களுக்காகவே தொப்பி அனுப்பும்படி சந்தையை நிலைநாட்டுவதும் அவர்களின் தேர்வு. பழங்குடி உடை அணிந்தவர்களை நகரின் உயர்ந்த இடங்களுக்குள் விடாத காலத்திலும் சந்தைக்காரப் பெண்கள் அதைக் கழற்றவில்லை. இவை உழைத்த தொப்பிகள்தான். என் அளவுகோலின்படி முதலிடம் பெற வேண்டியவை. ஆனால் இவற்றின் உழைப்பு இன்னும் முடியவில்லை. தாயிடமிருந்து மகளுக்குப் போக வேண்டிய போர்சலினோவை வெளிநாட்டுச் சேகரிப்பாளர் கூடுதல் விலை கொடுத்து வாங்கிச் செல்வது, வாழும் வழக்கத்தைப் பெயர்த்தெடுப்பதாகும். அங்கே புகைப்படமும் அணிபவரின் வாய்மொழியும் போதும்.

கடைசியாக ஓர் ஐயம்: தேய்மானத்துக்கு விலை வந்துவிட்டால் தேய்மானத்தைப் போலியாகச் செய்ய மாட்டார்களா? செய்வார்கள். திரைப்பட உடைத்துறையினருக்குப் புதுத் துணியைப் பழையதாக்குவது அன்றாட வேலை. ஆனால் உண்மையான தேய்மானம் தொப்பி முழுவதும் சமமாகப் பரவுவதில்லை. வலக்கையால் விளிம்பைப் பிடித்து வணக்கம் சொன்னவரின் தொப்பியில் அந்த ஓரிடத்தில் மட்டும் ஓரப்பட்டை வழவழப்பாகியிருக்கும். வியர்வை, தோல்பட்டையைத் தாண்டி ஃபெல்ட்டுக்குள் ஊறி ரிப்பனின் அடியில் உப்புக்கோடாக வெளிப்படும்; அது நெற்றிப்பக்கம் தடித்து, பின்பக்கம் மெலிந்திருக்கும். ரிப்பன் மறைத்த இடத்தில் சாயம் கறுப்பாகவே இருக்க, சுற்றிலும் வெளிறியிருக்கும். இவை ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். போலி செய்பவர் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் மேற்புறத்தை மட்டுமே கவனிப்பார். எனவே தொப்பியொன்றைத் தொகுப்பில் சேர்க்கும்போது கடைப்பெயரோடு நிறுத்தாமல், ரோம வகை, இரு அளவுமுறைகளில் சுற்றளவு, உட்பட்டையின் அடியில் கிடைத்தவை, கறையும் தேய்மானமும் எந்தத் திசையில் என்ற வரைபடம், எந்த ஊரில் யார் வீட்டுப் பொருள்களோடு கிடைத்தது என்ற விவரம் ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். அப்படி எழுதிய நூறு பெயரில்லாத தொப்பிகள் சேர்ந்தால், ஸ்டாக்போர்ட்டின் மலிவுத் தொப்பி எந்தெந்தத் தொழில்காரர்களிடம் போனது, எத்தனை முறை கைமாறியது, எங்கே கிழிந்து எங்கே தைக்கப்பட்டது என்பதை ஒப்பிட்டுச் சொல்ல முடியும். செயின்ட் ஜேம்ஸ் தெருவின் கணக்கேடுகளில் அந்தச் செய்தி கிடைக்காது.